குழந்தைவேலு சுற்றிப் போன வழி

ரங்கூனில் எங்கள் லான்மடாவ் பேட்டைத் தமிழர்களில் யாராவது விமானம் ஏற வேண்டுமென்றால் டாக்சிக்காரக் குழந்தைவேலுவைத்தான் கூப்பிடுவார்கள். வேகத்துக்காக இல்லை, அவன் உருட்டிக்கொண்டுதான் போவான். ஆனால் இந்த ஊரில் மாலை நேரத்தில் வேகமான வழி வேறு, நம்பிப் போகிற வழி வேறு என்பது அவனுக்குத் தெரியும். எங்கே நெரிசல், எந்த பெட்ரோல் பங்க் வரிசை ரோட்டை அடைக்கிறது என்று மற்ற டிரைவர்களிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவான். நல்ல நேரம் பார்க்கிறவர்களிடம் மட்டும் எரிந்து விழுவான். "பிளேன்காரன் ராகுகாலம் பாக்கமாட்டான், ஏறுங்க" என்பான்.

அப்பேர்ப்பட்டவன் சொந்த மகனை ஏற்றிப் போன அன்று கோட்டை விட்டான். நானும் அந்த வண்டியில் இருந்தேன்.

நான் அப்பாசாமி, அதே தெருவில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். குழந்தைவேலுவின் பழைய ஜப்பான் காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் லாரி போனால் அவனுக்கு எதிரே ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்தவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டான்.

மகன் தமிழ்மணிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. படிப்பு ஒரு சாக்குத்தான். எங்கள் பேட்டையில் வயதுப் பையன்களை ஒவ்வொருவராகக் கட்டாயப் படைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் போன நாளிலிருந்து தமிழ்மணியின் தாய் ரத்தினம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த விமானத்தை விட்டால் அடுத்த டிக்கெட் கிடைப்பதற்குள் இவன் பெயரும் வந்துவிடலாம். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். விமான நிலையமோ ஊருக்கு வடக்கே இருக்கிறது.

"இன்னைக்கி வடக்க பாத்துக் கெளம்பக் கூடாதுங்க" என்றாள் ரத்தினம்மாள். "மேக்கால அலோனுக்குப் போயி, எந்தங்கச்சி வீட்ல புள்ள ஒரு வாய் பால் குடிக்கட்டும். அங்கேருந்து போவோம்."

குழந்தைவேலு கத்தப் போகிறான் என்று காத்திருந்தேன். அவனோ வண்டியை மேற்கே திருப்பினான். சொந்தப் பிள்ளை என்றதும் புத்தி கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பெற்றவர்கள் நடுவே நான் என்ன பேசுவது?

அலோனில் பால் குடித்ததோடு விடவில்லை. தங்கச்சி கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தால் படகுத்துறை லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் எட்டி எட்டிப் பார்த்து "போ, நில்லு, போ" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. ஒருவழியாக லேடான் முக்கைத் தாண்டி, விமான நிலையத்துக்குப் போகிற பியே ரோட்டுக்கு வந்தோம். அங்கே பெட்ரோல் வரிசை ஒரு பாதையை விழுங்கியிருந்தது. மிச்சப் பாதையில் வண்டிகள் அசையவே இல்லை.

குழந்தைவேலுவின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. "நேரா வந்திருந்தா இந்நேரம் எறங்கியிருப்பானே" என்று முனகினான். ரத்தினம்மாள் முருகா முருகா என்றாள். இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்கும் தடை. ஏறிப் போக வேறு எதுவும் இல்லை.

"யா பா டே அப்பா, ஒண்ணுமில்ல" என்றான் தமிழ்மணி. "நா நடந்து இந்த வரிசையத் தாண்டிருறேன். அந்தப் பக்கம் ரோடு காலியாத்தான் இருக்கும், வேற டாக்சி புடிச்சிக்கிறேன்."

"போடா, ஓடு!" என்று குழந்தைவேலு கத்தினான். அந்த நேரம் பார்த்து முன்வண்டி ஒரு முழம் நகர, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் கியரை மாற்றினான். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவதற்குள் பையன் பாஸ்போர்ட் இருந்த தோள்பையோடு நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தான். பெட்டி டிக்கியிலேயே கிடந்தது.

நாங்கள் அந்த பெட்ரோல் பங்கைக்கூடத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. உள்ளே போய்விட்டானாம், எல்லாச் சோதனையும் முடிந்து விமானத்துக்குக் காத்திருக்கிறானாம். ரத்தினம்மாள் வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூலம் பாத்துக் கெளம்புனோம், அதான் புள்ள போய்ச் சேந்தான்" என்றாள்.

நான் குழந்தைவேலுவைப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை பேரைக் கொண்டுபோய் எறக்கி விட்டிருக்கேன் அண்ணே. கட்டிப் புடிச்சி அழுவாங்க, நான் பெட்டிய எறக்கிட்டு ஒதுங்கி நிப்பேன்" என்றான். "இன்னைக்கி எம்புள்ள எனக்குப் பின்னாலேயே உக்காந்து வந்தான். வழி நெடுக ரோட்டத்தான் பாத்தேன். அவன் மொகத்த ஒருதரம் திரும்பிப் பாக்கல."