ஜுவேரியாவின் வலது கால்

மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் ஜுவேரியா. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஆசிரியருக்கென்று வைத்த தனி பிரேக்கில் வலது காலை வைத்திருப்பாள். தேரடியில் மாடு குறுக்கே வரட்டும், ஒருவழிப் பாதையில் ஆட்டோ எதிரே வரட்டும். ஸ்டியரிங் பிடித்தவர் ‘ஐயோ’ என்று வாய் திறப்பதற்குள் அந்தக் கால் வேலையை முடித்துவிடும். அத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. காலுக்கு இன்சூரன்ஸ் எடுங்கள் மேடம் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள்.

இப்போது அந்தக் கால்தான் அவள் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது.

பாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம், வீடு எழும்பாத மனைப் பிரிவு ஒன்றின் தார்ச்சாலையை அவளுடைய புது கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. ஆள் குறுக்கே வந்தால் தானாகவே பிரேக் போடும் கார். அதைச் சோதிக்க, ஃபோம் பொம்மையைக் கம்பியில் கட்டிச் சாலைக்குக் குறுக்கே இழுப்பார்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நேராக அதை நோக்கி ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் பிரேக்கைத் தொட்டால் சோதனை செல்லாது. சும்மா இருக்கச் சம்பளம்! அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை.

பேன்ட் போட்ட பொம்மைக்குக் கார் நின்றது. புடவைக்கும் நின்றது. “புர்கா போட்டுப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டவள் அவள்தான். பட்டியலில் இல்லாததை இன்ஜினியர் செந்தில்குமார் சண்டை போட்டுச் சேர்த்தார். புர்காவையும் அவளே கொண்டுவந்தாள். அம்மா கமர் ஜஹானுடையது. தினமும் லஸ் கார்னரில் பஸ் இறங்கிச் சாலையைக் கடப்பவள் அந்த அம்மா.

இரண்டு தடவை ஓட்டியாயிற்று. இரண்டு தடவையும் கறுப்புத் துணி அசைந்ததுமே கால் பிரேக்கில் பாய்ந்துவிட்டது. கார் தானாக நின்றிருக்குமா, இடித்திருக்குமா, யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் வீணானால் புர்காவை விட்டுவிட்டு அறிக்கையை அனுப்பு என்று மேலிடம் போனில் சொல்லிவிட்டது. அறிக்கை போனால் கார் விற்பனைக்கு வந்துவிடும்.

“அது வெறும் பொம்மை, அக்கா. காலை உள்ளே மடக்கி வெச்சுக்கோங்க,” என்றார் செந்தில்குமார்.

“எனக்குத் தெரியும் சார். காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. இன்னா பண்றது?”

மூன்றாவது ஓட்டம். வேகம் தானாகவே முப்பதில் நிற்கும்படி பட்டனை அழுத்திவிட்டு, வலது காலை இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பொம்மை புறப்பட்டது. இருபது மீட்டர். கார் வேகம் குறையவில்லை. பதினைந்து. அம்மாவின் நடையாகவே தெரிந்தது. நில்லுடா, நில்லு என்று காரைக் கெஞ்சினாள். கால் கிளம்பியது. முழங்காலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது பிரேக் போட்டால் பிழைப்பது ஒரு பொம்மைதான்.

சத்தம் பெரிதாக இல்லை. கறுப்புத் துணி கண்ணாடியில் அறைந்து, கூரைக்கு மேலே போயிற்று.

காரை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதாள். செந்தில்குமார் லேப்டாப்போடு ஓடிவந்தார். “கால் படல அக்கா. கார் இடிச்சது பதிவாயிடுச்சு. போதும், நீங்க வீட்டுக்குப் போங்க.”

அவள் இறங்கிப் போய்த் தலையை ஓரிடத்திலும் கையை ஓரிடத்திலும் பொறுக்கினாள். புர்காவில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“ஒரு தபான்னா ஏதோ தவறிப்போச்சுன்னு தள்ளிடுவாங்க சார். இன்னும் ரெண்டு தபா இடிச்சுக் காட்டணும். வெளிச்சம் கீது, பொம்மைய நிக்க வெய்ங்க.”

அழுதபடியே காரைப் பின்னால் எடுத்தாள்.