கோடு போட்ட கட்டமும் டச்சுக்காரன் காசும்

மனு எழுதிக் கொடுக்கிற தொழிலில் கஷ்டம் வருகிறவருடையது, குழப்பம் மட்டும் முழுக்க நம்முடையது. பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. டச்சுக் கல்லறைக்கு வழி கேட்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஏறுகிற படி எங்கள் கடைப் படிதான். திருப்பாலைவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் குரல் சின்னது. எந்த ஆபீசுக்குப் போனாலும் "இன்னா, சத்தமா சொல்லு" என்பார்கள். இரண்டாவது முறை சொல்வதற்குள் நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே சந்தேகமாகிவிடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, கீழே வருவதில் எங்காவது உங்களுக்குத் தலை சுற்றினால், அது என் எழுத்தின் கோளாறு அல்ல.

கட்டத்துக்குள் ஒரு கோடு

எழுபது தாண்டியவர், முதுகு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டவர் போல நிமிர்ந்து வந்தார். பின்னால் வலது தோளைத் தூக்க முடியாமல் மகன். பெரியவர் பெயர் தணிகாசலம். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு குப்பத்தில் 'மிலிட்டரி' என்றால்தான் தெரியும். (குப்பத்தின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் தினமும் கடைக்கு வருகிறார்கள்.) பாலிதீன் கவரிலிருந்து பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். வேலை என்ற கட்டத்தில் சமையல். மெடல்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு. "ரெண்டு மெடல் வாங்கினேன் தம்பி, எழுதாம உட்டுட்டான். நீ எழுதிக் குடு" என்று என் பேனாவையே எடுத்து என் கையில் வைத்தார். அந்த உரிமை என் பேனாவுக்கு இல்லை, வடக்கே இருக்கிற பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸ் பேனாவுக்குத்தான் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்டேன். மகன் ஏழுமலை சொன்னார். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வேலைக்கென்று ஊரை விட்டுப் போன குடும்பத்துக்குப் பாடு போய்விடும். சண்டைக்குப் போனவன் குடும்பத்துக்குப் போகாது. இதுவரை ஏழுமலை கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததால் யாரும் பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. போன வருஷம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து தோள் போனது. இனிமேல் கடல் கிடையாது, ஏரிதான் சோறு. ஆடித் திருவிழா முடிந்ததும் புதுச் சீட்டு. ஊரார் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சமையல் என்றால் வேலைக்குப் போனதுதானே என்று சொல்லிவிட்டார்கள்.

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சோறாக்கப் போனவன்னு சொல்றானுங்க தம்பி. அந்தச் சோத்தத் தின்னவன்ல பாதிப் பேரு அங்கயே பூட்டான். நான் யாரப் போயி சாட்சிக்குக் கூப்புட்றது?"

வெந்த இறால்

விண்ணப்பத்தில் முதல் கேள்வியே மெடலின் பெயர். அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்கவைத்து, இந்தியில் ஏதோ கத்தி, சட்டையில் குத்திவிட்டார்களாம். ஆனால் ரிப்பன் நிறம் மட்டும் அச்சு மாதிரி ஞாபகம் இருந்தது. ஒன்று, சண்டைக்குக் கொடுத்தது. வெந்த இறாலின் நிறத்தில் ஓரம், நடுவில் பாசிப் பச்சை. இன்னொன்று, பனிமலையில் காவல் இருந்ததற்கு. வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு. "காக்கா கறுப்பு இல்ல, கெளுத்தி முதுகு இருக்குதே, அந்தக் கறுப்பு." கம்ப்யூட்டரில் ரிப்பன் ரிப்பனாகத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "இது மாறிதான், ஆனா இது இல்ல" என்றார். மதியத்துக்குள் எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

சரி, மெடலையாவது கொண்டுவாருங்கள், பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் புத்தகத்தை மூடிப் பாலிதீன் கவருக்குள் போட்டார்.

"தொலஞ்சி போச்சாங்கய்யா?"

"தொலயல. இருக்குது."

"எங்க?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்குது."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். மெடலின் பெயர் என்ற கட்டத்தில் வெந்த இறால், கெளுத்தி முதுகு என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பை, கடை முதலாளி மும்தாஜ் அக்கா கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இத்த இப்பிடியே அனுப்பினா மெடல் வராதுடா, மசாலா பாக்கெட்டுதான் வரும்."

எது முன்னால், எது பின்னால்

மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், இரண்டாவது முறை சொல்லச் சொல்லாதவர். பட்டாளத்து மெடலின் விளிம்பில் வாங்கியவரின் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். அதைக் காட்டினால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம் என்றார். ஆக, ரெக்கார்டு வேண்டுமென்றால் மெடல் வேண்டும்.

அங்கிருந்து நேராகக் குப்பத்துக்குப் போய் ஊர்த்தலைவரிடம், மெடலைக் காட்டினால் போதுமா என்று கேட்டேன். போதாது, ரெக்கார்டு வேண்டும் என்றார். திரும்புகிற பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தின. அதைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஊரைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். தலைவர் சொன்னது இதுதான்: "மெடலு இஸ்கூல் பசங்களே குடியரசு தினத்துக்குக் குத்திக்கினு வருதுங்க. எய்த்தக் காட்டு, பாடு குடுக்கறோம். நாங்க இன்னா மிலிட்டரிக்கு எதிரியா?"

கேப்டன் கட்டிய காசு

இங்கே என் தாத்தாவின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்குச் சோறு இறங்கியதே தாத்தா, ஆயா சொன்ன கதைகளோடுதான். டச்சுக்காரன் காலத்தில் ஒரு கப்பல் கேப்டன் முகத்துவாரத்தில் புயலில் மாட்டிக்கொண்டான். தூரத்தில் குப்பத்து அம்மன் கோயில் விளக்கு தெரிந்தது. கரை சேர்த்தால் என் கழுத்தில் இருப்பதை உன் கழுத்தில் கட்டுகிறேன் என்று வேண்டினான். சேர்ந்தான், இரண்டு வெள்ளிக் காசைக் கட்டினான். அது இன்றைக்கும் அம்மன் கழுத்தில் மாலைக்குக் கீழே தொங்குகிறது. கல்லறை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதையை நானே பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புயல் கொஞ்சம் பெரிதாகும்.

ஆடி முதல் வாரம், ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்கத் தலைவரைத் தேடிக் கோயிலுக்குப் போனேன். பூசாரி தீபம் காட்டினார். தலைவர் வழக்கம்போல அந்தக் காசுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் முதல் தடவையாக அவ்வளவு கிட்டத்தில் நின்றேன். மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்த காசுக்கு மேலே ஒரு வளையம். வளையத்துக்கு மேலே ஒரு குறுக்குப் பட்டை. கேப்டன் காசுக்கு எதற்குப் பட்டை? சட்டையில் குத்தித் தொங்கவிடுவதற்கு வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தணிகாசலம் கோயிலுக்கு வெளியே, எங்களைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்து நின்றிருந்தார்.

ஏழுமலையைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினார். பிறகு சொன்னார்: "நைனாதான் பட்டாளத்துலர்ந்து பார்சல்ல அனுப்பினாரு. எங்க ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. புள்ள சட்டையில இருக்க வேண்டியது வந்துட்ச்சி, புள்ள வர்ல. பெத்தவ இன்னானு நெனப்பா? யாருக்கும் சொல்லாம கொண்டாந்து கட்டிட்டாங்க. புள்ளய அனுப்பு, இத்த நீயே வெச்சிக்கோனு. நைனா வந்துட்டாரு இல்ல? அம்மனுக்குக் குடுத்தத சொல்லிக் காட்டுவாங்களா, சார்?"

மஞ்சள் நிறப் பொருள்

யார் கேட்டாலும் பதில் சொல்ல, அப்போதைய பூசாரி ஒரு கேப்டனைக் கப்பலோடு கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது. என் தாத்தா முந்நூறு வருஷம் என்று சொன்ன கதைக்கு மெய்யான வயது ஐம்பது. அதை ஜீரணிப்பதற்குள் செல்போனில் படம் பிடித்து முன்னாள் படைவீரர் ஆபீசுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: படத்தில் இருப்பது மஞ்சள் நிற வட்டப் பொருளாக உள்ளது, சுத்தம் செய்து விளிம்பு தெரியுமாறு அனுப்பவும். கழற்றலாமா என்றால் பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். கொடுத்தது கொடுத்ததுதான், அம்மன் கழுத்தை விட்டு இறங்காது. ஆனால் திருவிழாக் கடைசி நாள் அம்மனைக் குளிப்பாட்டும்போது நகைகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அப்போது பார்த்துக்கொள் என்றார். இதைத் தலைவரிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். மூன்று முறை "இன்னா?" என்றார். மூன்றாவது "இன்னா" என் குரலுக்காக இல்லை.

கடைசி நாள். ஊரே கூடியிருந்தது. பூசாரி கழுத்தில் இருந்தபடியே ஒன்றைப் பிடித்துத் தேய்க்க, மஞ்சள் கரைந்து வழிந்தது. தலைவர் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். நான் கண்ணை விளிம்பில் வைத்து நம்பரைப் படித்தேன். மூன்று எண் தெரிந்தது. நாலாவது தேய்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுபடியும் அங்கேயே நின்றேன். அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் நாலாவதிலிருந்து கடைசி வரை இந்தியில், ஒரே மூச்சில் சொன்னது. எல்லாரும் திரும்பினோம். தணிகாசலம் குதிகால் இரண்டையும் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றிருந்தார். தேயாமல் மிச்சம் இருந்த எண்கள் அவர் சொன்னதோடு ஒத்துப்போயின. நம்பருக்குப் பக்கத்தில் இருந்த பெயரை நான் படித்தேன். எனக்கே ஆச்சரியமாக, அன்று யாரும் சத்தமாகப் படி என்று சொல்லவில்லை.

தலைவர் வெளிச்சத்தை அணைத்தார். ஐம்பது வருஷம் கண்ணில் ஒற்றிக்கொண்டதை இன்னொரு முறை தொட்டார். ஒற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது, கடைசியில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: "அப்ப அந்தக் கேப்டன் எவன்டா?"

பாடு விழுந்தது

நம்பரைப் போட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு மனு அனுப்பினேன், ஆனால் ரெக்கார்டு வரும் வரை ஊர் காத்திருக்கவில்லை. அம்மன் கழுத்தில் இருப்பதற்கு மேல் எழுத்து என்ன என்று தலைவரே சொல்லிவிட்டார். அந்த வாரமே சீட்டுப் போட்டார்கள். ஏழுமலைக்கு ஏரியில் நல்ல இறால் இடம் ஒன்று முதல் முறையாக விழுந்தது. இடது கையால் வலையை வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு நான் வெளியூர்க்காரர் இருவரைக் குப்பத்துக்கு அழைத்துப் போனபோது, தலைவர் அவர்களிடம் டச்சுக் கேப்டன், புயல், வெள்ளிக் காசு எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மெடல் அங்கேயே பளபளவென்று தொங்குகிறது. நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "அவங்க கல்லறை பாத்துட்டு ஆசையா வர்றாங்க தம்பி. அவங்ககிட்ட போயி சமையக்காரன் கதயா சொல்றது? அது நம்ம ஊட்டு விசயம்."

மூன்றாவது

ஏழு மாதம் கழித்து ரெக்கார்டு ஆபீசிலிருந்து திருத்திய தாள் வந்தது. கோடு போயிருந்தது. அந்த இடத்தில் மெடல்கள் வரிசையாக இருந்தன. தணிகாசலம் கடையில் நின்றபடியே என்னைப் படிக்கச் சொன்னார். ஒன்று, சண்டைக்கு. இரண்டு, பனிமலைக்கு. அவர் தலையை ஆட்டினார். மூன்று என்றேன். தலை நின்றது.

"மூணு ஏது?"

சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆனதைக் கொண்டாட, அப்போது பட்டாளத்தில் இருந்த எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார்களாம். அது உங்களுக்கு வராமலே விட்டுப்போயிருக்கிறது, இனி கேட்டு வாங்கலாம் என்று விளக்கினேன். மும்தாஜ் அக்கா கைதட்டினார். தணிகாசலம் மட்டும் தாளை மடித்து என் மேசையிலேயே வைத்தார். "சும்மா இருந்ததுக்கு எனக்கு இன்னாத்துக்கு மெடலு? ஊருல திருப்பிக் கேட்டா நான் எந்தச் சாமி கய்த்துல போயி காட்டுவேன்? அத்த அடிச்சிட்டு எய்தி வாங்கிக் குடு தம்பி."

இரண்டு மெடலைச் சேர்க்க ஏழு மனு எழுதிய நான், இப்போது ஒரு மெடலை நீக்க எட்டாவது மனுவில் காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே என்ன எழுதுவதென்று தெரியாமல் இதுவரை போட்டிருப்பது ஒரு கோடுதான்.