மேற்கு பார்த்த கண்ணாடி

சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தால் பெங்களூரு ரயிலிலிருந்து தப்பிக்கலாம் என்று நம்பியவன் நான். ஐம்பது வயது கடந்து, வீடு நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நம்பினேன்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சம்மதித்திருந்தார்கள். மீட்டிங் நடுவில் காணாமல் போனால் மறுபடி தினமும் வரவேண்டும். தினமும் என்றால், இருட்டோடு எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு அங்கேயே வந்து இறங்குவது. அந்த இரண்டு நாளுக்காக நான் எதையும் இடிப்பேன்.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் முன்னறை ஜன்னல், தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்தது. மரக்கதவு போட்ட, தலையை மட்டும் நீட்டக்கூடிய சதுரம். வீடியோ மீட்டிங்கில் முகம் தெரிய அந்த வெளிச்சம் போதாது என்று முடிவுகட்டினேன். அதைப் பெயர்த்துவிட்டு, ஆபீசில் இருப்பது போலவே, திறக்க முடியாத ஒரே பெரிய கண்ணாடியாகப் பதித்தேன். மேற்குச் சுவரில். ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க ஏசி ஓடுவது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருபவனே நான்தான்.

மதியம் வெயில் உள்ளே வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், அது சூடாக மாறியபின் வெளியே விடாது. இது பள்ளிப் பாடம். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். முதல் மீட்டிங்கிலேயே லேப்டாப் கொதித்து அணைந்தது. "நெட்வொர்க் பிரச்சினையா சார்?" என்று மேனேஜர் மென்மையாகக் கேட்டார். அந்த மென்மை எனக்குப் பிடிக்கவில்லை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். வெளிச்சம் போனது, சூடு போகவில்லை. கறுப்பு வெயிலைக் குடித்துக்குடித்துக் கண்ணாடியே தோசைக்கல்லாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான்.

"ஏங்க, அப்பளத்த இங்கியே காய வெச்சிரட்டா?" என்றாள் மனைவி.

அதைச் சுரண்டி எடுப்பதில் ஒரு ஞாயிறு போயிற்று. அடுத்து, வெள்ளி மாதிரி மின்னும் ஃபிலிம். இது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்றார் கடைக்காரர். அனுப்பத்தான் செய்தது. எங்கே அனுப்பும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்த்த வீட்டில், சுரங்கத்துக்குள் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். கதவைத் திறந்துவைத்து வாசலோரம் பாய் போட்டுச் சாயங்காலம்வரை தூங்குவது அவர் வழக்கம். அன்று தூக்கம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, காலைல ஒரு சூரியன் எங்க வூட்டுக்கு வருது. சாயங்காலம் நீ வேற ஒண்ணு அனுப்புற?"

"மன்னிச்சிக்கோங்க அங்கிள். ஃபிலிம் ஒட்டினேன்."

"நான் கீழ் லெவல்ல வெந்தவன்பா. அங்க கூட சூடு இப்பிடி மூஞ்சி மேல அடிச்சதில்ல."

மூன்றாவதாக என்ன ஒட்டலாம் என்று நான் செல்போனில் படித்துக்கொண்டிருக்கையில், மனைவி ஒரு மூங்கில் தட்டி வாங்கிவந்து கண்ணாடிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாள்.

"வெளிய மாட்டினா கண்ணாடியே தெரியாதே" என்றேன்.

"அதுக்குத்தான்."

வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. அறை மனிதர் உட்காரும்படி ஆனது. ஆனால் கும்மிருட்டு. மீட்டிங்கில் என் முகம் தெரியவேண்டுமே என்று தட்டியின் கீழ்மூலையை மட்டும் மடக்கிக் கட்டினாள். அன்று லேப்டாப் கடைசிவரை உயிரோடு இருந்தது. என் இரண்டு நாளும் பிழைத்தன.

சாயங்காலம் எதிர்வீட்டு அங்கிள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். தட்டியின் மூலையில் விட்டிருந்த திறப்பைக் குனிந்து பார்த்தார். திரும்பி, தன் வீட்டு மரக்கதவு ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க ஜன்னல் அளவுதான் கீது தம்பி. எங்களுது தொறக்கும்."