ஆடாத கால்

அவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் ‘தையல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியும் நூலும் பிடித்தவரல்ல, லிப்ட் மெக்கானிக், அங்கே மேஸ்திரியும்கூட. உட்கார்ந்தால் போதும், வலது கால் தையல் மெஷினை மிதிப்பதுபோல ஆட ஆரம்பித்துவிடும். “தையல், எனக்கொரு சட்டை” என்று வார்டு ஆட்கள் கிண்டல் செய்தால், “துணியைக் கொண்டாங்க, பாப்போம்” என்பார்.

பழக்கம் சின்ன வயதில் ஒட்டியது. அப்பா எப்போது கை ஓங்குவார் என்று யாருக்கும் தெரியாது. எழுந்து ஓட வழியில்லாத பிள்ளை, உட்கார்ந்த இடத்திலேயே, சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலால் ஓடிக்கொண்டிருந்தான். அப்பா போய்ச்சேர்ந்த பிறகும் அந்தக் கால் நிற்கவில்லை.

ஒருநாள் காலை, ஒரு நர்ஸ் லிப்டிலிருந்து இறங்கக் காலெடுத்து வைத்தபோது, கதவு திறந்தபடியே லிப்ட் கீழே நழுவியது. விழுந்தவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மொட்டைமாடிக்கு ஓடி, ஏணியேறி மோட்டார் அறைக்குள் போன தையல், பிரேக் கட்டை தேய்ந்து வழவழத்துக் கிடப்பதைப் பார்த்தார். அந்த வாரம் அதைப் பார்த்திருக்க வேண்டியவன் அவருடைய மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. இவரே கெஞ்சிக் கூத்தாடி வேலையில் சேர்த்துவிட்டவன். “பாத்துட்டேன் மாமா, எல்லாம் சரியா இருக்கு” என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தான்.

விசாரணை அறையில் பாதுகாப்பு அதிகாரி இவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தார்.

“எதுக்கு இப்படி ஆடுது?”

“பழக்கம் சார்.”

“வாய் என்ன வேணா சொல்லும். உடம்பு பொய் சொல்லாது. எதை மறைக்கிறீங்க?”

மறைத்துக்கொண்டுதான் இருந்தார். அதனால்தான் கேள்வி சுருக்கென்று இறங்கியது. ஆனால் கால் ஆடியது அதற்காக அல்ல. அது தினமும் ஆடுகிற கால். முழங்காலைக் கையால் அழுத்தினார். விரல்கள் தாளம் போட்டன. கையைக் கட்டினார். ஷூவுக்குள் கட்டைவிரல் நெளிந்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கசிந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினார். நிறுத்தியதும் தலைக்குள் ஒரேயடியாக இருட்டு. இத்தனை வருஷமாகப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது அந்த ஆட்டம்தான். இப்போது அது மொத்தமாக நெஞ்சில் ஏறி நின்றது.

“நான்தான் சார் செக் பண்ணேன். என் தப்புதான்.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “பாத்தீங்களா, உண்மையைச் சொன்னதும் கால் நின்னுடுச்சு.”

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பாதியில் நிறுத்தினாள்.

“ஏங்க, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“வந்ததுலேர்ந்து கால் ஆடவே இல்ல. கட்டில் குலுங்காம நான் உங்க பக்கத்துல உக்காந்ததே கிடையாது. பயமா இருக்குங்க.”

அவர் நடந்ததைச் சொல்லி முடித்தார். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: “என் தம்பிதான். அதுக்காக நீங்க தலையைக் கொடுப்பீங்களா? நாளைக்கு அவன் இன்னொரு லிப்டையும் இப்படித்தான் விடுவான்.” போனை எடுத்தாள்.

தம்பி வந்து கதவோரமாக நின்றான்.

“மேல ஏறிப் பாத்தியாடா?”

“பாத்தேன்க்கா.”

அவன் விரல்கள் மணிக்கட்டில் கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றி விட்டன. அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். “இங்க பாருங்க, இந்தக் கையே சொல்லுது!”

“விடு” என்றார் தையல். “என்னையும் இன்னிக்கு இப்படித்தான் பாத்தாங்க. கையைப் பாக்காத. அவனே சொல்லட்டும்.”

அவள் கையை விட்டாள். அடுத்த வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கண் கலங்கியது.

“ஏறல மாமா. அந்த ஏணிகிட்ட நின்னாலே கீழ எல்லாம் குழியாத் தெரியுது. கை விறைச்சுப் போகுது. முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான். சொன்னா உங்க மானம் போயிடும்னு...”

“சொல்லாததாலதான் ஒரு பொண்ணு படுத்திருக்கா” என்றார் தையல்.

மறுநாள் தையலும் அவனும் சேர்ந்தே போய் அதிகாரியிடம் சொன்னார்கள். அதிகாரி குனிந்த தலை நிமிராமல் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினார். தம்பிக்கு வேலை போனது. பொய்யாகப் பழியேற்றதற்காகத் தையலை மேஸ்திரி பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அக்காவும் தம்பியும் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

யாரும் சொல்லாமலே அவன் ஒருநாள் நர்ஸின் வார்டுக்குப் போனான். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மன்னிக்கிறதுக்கெல்லாம் இன்னும் நாளாகும். இப்போதைக்கு அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க. வெயில் அடிக்குது.”

சாத்திவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான்.