டின்னில் இடதுபக்கம் நின்றவள்

அந்த டின் எங்கள் வீட்டுக்கு வரும்வரை நான் ஒல்லி என்பதே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் நான்தான் முதலில் வருவேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் வீட்டில் வந்துதான் இறக்குவேன். காய்ச்சல், தலைவலி என்று படுத்த ஞாபகமே இல்லை. இப்படிப்பட்ட உடம்பைக் குறை சொல்ல ஒரு தகர டின்னுக்குத்தான் மனசு வரும்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. காரைக்குடியில் எங்கள் வீடு, சாக்கோட்டைப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல். அப்பாவின் தம்பி பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியிலிருந்துதான் அந்தச் சத்துமாவு டின் வெளியே வந்தது. அதன்மேல் இரண்டு பெண்கள். இடதுபக்கம் இருந்தவள் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, எதையோ பறிகொடுத்தவள்போல நின்றாள். வலதுபக்கம் அதே பெண் கன்னம் உப்பி, கை கொழுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நடுவில் ஒரு அம்புக்குறி. மாவைக் கரைத்துக் குடித்தால் இவள் அவளாகிவிடுவாளாம்.

அம்மா டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் டின்னைப் பார்த்தாள்.

"ஏத்தா, இங்குட்டு வந்து வெளிச்சத்துல நில்லு."

நின்றேன்.

"அப்படியே உரிச்சு வச்சாப்புல இருக்கு" என்றாள். வலதுபக்கத்துப் பெண்ணைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பள்ளியிறுதி வகுப்பு தேறியவள் என்பதால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒரு கரண்டி மாவில் ஒரு முழுச் சாப்பாட்டின் பலம் இருப்பதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அதற்குக் கீழே, பாலில் கலந்து அன்றாடச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவும் என்று கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தது. இரண்டையும் நான் ஒழுங்காகத்தான் படித்தேன். அம்மா பெரிய எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"முக்கியமானதத்தானடி பெருசாப் போட்டிருப்பாக."



அம்மாவின் கணக்கு இதுதான். ஒரு கரண்டி ஒரு சாப்பாடு. அதைக் குடித்துவிட்டுச் சோறும் தின்றால் இரண்டு சாப்பாடு, வயிறு கெட்டுப்போகும். ஆகவே காலையில் பழையது நின்றது. ராத்திரிச் சோறும் நின்றது. மத்தியானம் மட்டும் இலையில் சோற்றைக் கண்டேன். அதோடு, கப்பலில் வந்த சாமானைத் தாராளமாக அள்ளுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. டின்காரன் எந்தக் கரண்டியை நினைத்தானோ, எங்கள் வீட்டில் அது குழந்தைக்கு மருந்து கொடுக்கிற கரண்டியானது. பால் எல்லாம் தயிருக்குப் போய்விடும் என்பதால் வெந்நீரில் கலந்து கொடுத்தாள். தவிட்டு நிறத்தில், தித்திப்பாக ஒரு தண்ணீர். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கத்த ஆரம்பிக்கும்.

"பசிக்குதும்மா."

"பசிக்காதுடி. முழுச் சாப்பாடுல்ல உள்ள போயிருக்கு!"

வயிறு என்னுடையது. பசிக்கிறதா இல்லையா என்பதை அவள் டின்னிடம் கேட்டாள். ராத்திரி அப்பாவும் என் தம்பியும் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து அடிக்கிற வாசனை வீடெல்லாம் வரும். நான் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அம்மா என் கையைப் பிடித்து, கண்ணாடி வளையலை மேலே தள்ளிப் பார்ப்பாள். எது வரைக்கும் ஏறுகிறது என்பதுதான் பரீட்சை. முன்பெல்லாம் பாதிக் கையில் நின்ற வளையல், ஐப்பசி பிறந்தபோது முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. தின்னாமல் கிடந்தால் வேறென்ன ஆகும்? அம்மாவோ என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "முகத்துல ஒரு மினுமினுப்பு வந்திருக்கு" என்பாள். எண்ணெய் தேய்த்தால் யாருக்கும் வரும்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நானும் அந்த டின்னை நம்பத் தொடங்கினேன். அதுவரை கண்ணாடி எனக்குப் பொட்டு வைக்க மட்டும். இப்போது அதன்முன் நின்று வாயில் காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பவைத்துப் பார்த்தேன். வெளியே போகும்போது உள்ளே இரண்டு பாவாடை கட்டினேன். தெருவில் யாராவது சிரித்தால் என் கழுத்தெலும்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டத்தில் என்னைத் தோற்கடிக்க ஆளில்லாத ஊரில், தலையைக் குனிந்து நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அமராவதிபுதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர் தங்கை என்னோடு படித்தவள். அவளே ஓடிவந்து சொன்னாள்: "அண்ணன் உன்ன மேல படிக்க வைக்குமாம். டீச்சர் டிரெயினிங்ல சேத்துவிடுமாம்." அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை டின் வேண்டுமானாலும் குடித்திருப்பேன். இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று போகிற வருகிற கோயிலிலெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் வீடுகளில் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். கடல் தாண்டி வந்த பீங்கான், பொம்மை, பிஸ்கட் டின் எல்லாம் அதில் கொலுவிருக்கும். டின் காலியானாலும் எறிய மாட்டார்கள். படம் வெளியே தெரியத் திருப்பிவைப்பார்கள். வீட்டுக்கு வெளிநாட்டுத் தொடர்பு உண்டு என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அந்தச் சத்துமாவு டின்னைத் துடைத்து அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள்.

"அது எதுக்கும்மா அங்க?" என்றேன்.

"சும்மா இருடி. புள்ளைய எப்படிப் பாத்துக்கிறோம்னு அவுகளுக்கும் தெரியட்டும்."

வந்தார்கள். பால் பணியாரம் எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவருடைய அம்மா மட்டும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபக்கத்துப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு என்ன செய்யுது மதினி? எதுக்கு இந்த மருந்து?"

"மருந்தில்ல மதினி, சத்துமாவு. எங்க கொழுந்தனார் பினாங்குலருந்து கொண்டாந்தது" என்றாள் அம்மா பெருமையாக.

"எம்புட்டு நாளாக் குடுக்கறீக?"

"ஆவணியிலருந்து ஒரு நாள் விட்டதில்ல. ரெண்டு வேளைக்கு அதுதான் ஆகாரம்."

அந்த அம்மா ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போய்விட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள்.

நடுவில் நின்ற தரகர் நாலைந்து நாள் கழித்து வந்தார். பெண்ணுக்கு உள்ளே ஏதோ சீக்கு இருக்கிறது, மாசக்கணக்கில் சோறு இறங்காமல் சீமை மருந்தில் ஓடுகிறது என்று அவர்கள் நினைக்கிறார்களாம். வாத்தியாருக்கு மனசு இருந்ததாம், அவருடைய அம்மா சம்மதிக்கவில்லையாம். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணெதிரே இருந்ததைத்தானே அவர் பார்த்தார்.

தரகர் தலை மறைந்ததும் அம்மா என்மேல் பாய்ந்தாள்.

"டின்னுல போட்டிருக்கதுல பாதியாச்சும் நீ தேறியிருந்தா அந்தம்மா அப்படிக் கேட்டிருக்குமா?"

"டின்னுல பொய் போட்டிருக்கான்மா!"

"எம்புட்டுச் செலவழிச்சு டின்னு போட்டு, கடல் தாண்டி அனுப்புறவன் பொய்யா போடுவான்? உன் ஒடம்புவாகு சரியில்ல. அதச் சொல்லு."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். சோற்றுப் பானையை இழுத்து முன்னால் வைத்தேன். குழம்புச் சட்டியை அதில் அப்படியே கவிழ்த்தேன். தட்டுகூட எடுக்கவில்லை. பானைக்குள் கையைவிட்டுப் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றேன். அந்த வாத்தியாரும் போனார், டிரெயினிங்கும் போனது என்று அழுகையாக வந்தது. அழுதுகொண்டே தின்றேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் வைத்திருந்ததையும் சேர்த்துத் தின்றேன்.

நிமிர்ந்தபோது நிலைப்படியில் அம்மா நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பெற்றவள்தானே, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிடுவாள் என்றும் ஒரு நப்பாசை. அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. கூடத்தில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இங்குட்டு வந்து பாருங்க! மருந்து இப்பத்தான் வேலை செய்யுது. புள்ளைக்கு எப்படிப் பசி எடுக்குது, பாத்தீகளா?"

அன்று சாயங்காலமே, இன்னும் இரண்டு டின் கேட்டுப் பினாங்கு திரும்பிவிட்ட சித்தப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாள். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான் என்பதால், என்னைத்தான் எழுதச் சொன்னாள்.