அளவுக்காரம்மாவின் கல்

அளவுக்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அதைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள். வான் ஆய்வு நிலையத்தில் அவளுக்குப் பகல் வேலை. தொலைநோக்கி எடுத்த கண்ணாடிப் படங்களை மேசையில் வைத்து, உருப்பெருக்கியில் ஒற்றைக் கண்ணை ஒட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே எது நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு.

ஒருநாள் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது. மறுநாள் படத்தில் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற கல். எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் படம் மங்கல். அதில் அவரே ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"அது கல்லு இல்ல சார். கண்ணாடிப் பூச்சுல இருக்கிற குறை."

"அளக்கிறது உன் வேலை. கணக்கு என் வேலை."

கண்டுபிடிப்பு அவர் பெயரில் போனது. பாராட்டுக் கூட்டத்துக்கு அவள் தையல்காரக் கணவனைச் சலவைச் சட்டை போட வைத்துக் கூட்டிப் போனாள். மேடையில் இயக்குநர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். கடைசியாக, "கண்ணாடி துடைச்சுக் கொடுக்கிற அம்மாவுக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது. கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கல் பதினாறு மாதத்துக்கு ஒருமுறை நன்றாகத் தெரிகிற இடத்துக்கு வரும். இயக்குநர் பூச்சுக் குறையையும் சேர்த்துப் பாதை போட்டிருந்தாரே, கல் எப்படிக் கிடைக்கும்? மூன்று முறை தேடினார், மூன்று முறையும் வெறும் வானம். நம் அளவுக்காரம்மாவோ சமையல் மேசையில் உட்கார்ந்து சரியான புள்ளிகளை மட்டும் வைத்துத் தானே கணக்குப் போட்டாள். வேறு வேலைக்காக எடுத்த படங்களில் கல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அளந்தாள், குறித்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். கெடட்டுமே!

"சொல்லிடேன். பாவம், மனுஷன் தவிக்கிறாரு" என்றான் கணவன்.

"அன்னைக்கு நீங்க தலை குனிஞ்சீங்களே, அப்ப யாரு பாவம் பார்த்தா?"

எழுபத்திரண்டு வயது வரை நாற்காலியை விடாமல் பிடித்திருந்தவர் ஒருவழியாக ஓய்வு பெற்றார். மறுநாளே அவள் அளவுகளெல்லாம் சிறுகோள்களைப் பதிவு செய்யும் மையத்துக்கு அவள் பெயரில் தபாலில் போயின. புதுப் பாதைப்படி மேலும் சில முறை கல் வந்து முகம் காட்டியது. அதற்கு நிரந்தர எண் கிடைத்தது. யாருடைய அளவுகளால் பாதை உறுதியானதோ அவர்தான் கண்டுபிடித்தவர், பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கே என்று மையத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் முறையில்லை. அவளுக்கு அந்த ஆசையும் இல்லை.

ஒரு மாலை பழைய இயக்குநர் கைத்தடியோடு அவள் வீட்டுப் படியேறி வந்தார். 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

"தப்பு என்னுதுதாம்மா. கணக்குல கோட்டை விட்டேன். ஆனா வாழ்நாள் பூரா அந்த நிலையத்துக்கு உழைச்சிருக்கேன். அந்தக் கல்லுக்கு என் பேரை வைங்க. வேற எதுவும் கேட்கல."

அவர் முன்னால் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு இரக்கம் வந்ததா? வரவில்லை. இத்தனை வருடம் இனிக்காத வாய் இன்று இனித்தது.

"வைக்கலாம் சார். நல்ல யோசனைதான்."

கிழவர் முகம் மலர்ந்தது. "எப்பம்மா எழுதிப் போடுவீங்க?"

"பேர் வைக்கப் பத்து வருஷம் டைம் கொடுத்திருக்காங்க. அவசரமே இல்ல."

"எனக்கு எழுபத்தெட்டு ஆச்சும்மா."

"தெரியும் சார்" என்றாள் அளவுக்காரம்மா. "டீ ஆறுது, குடிங்க."