பென்சிலில் இருந்த பெயர்

அந்தக் காவல் நிலையத்தில் அவரை 'ரைட்டர்' என்று அழைத்தவர்கள் மேலதிகாரிகள் மட்டுமே. மற்ற எல்லோருக்கும் அவர் 'பென்சில்'. பதிவேடுகள் எழுதுவது அவருடைய வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே அறை, அதே மேசை, சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்ட அதே நாற்காலி. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், தொலைபேசி மணி அடித்தால் பயம். திருமணமான புதிதில் மனைவி, "உங்களை எப்படிங்க போலீஸ்ல எடுத்தாங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். "எழுத்துப் பரீட்சையில எடுத்தாங்க" என்று அவர் உள்ளதைச் சொன்னார்.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், கைதானவர்களின் பதிவேட்டில் ஒரு நேரத்தை அடித்துத் திருத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அதன் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரைக் கொண்டுவந்தாலும் பெயரையும் நேரத்தையும் முதலில் பென்சிலால் எழுதிவிடுவார். அதிகாரி தலையசைத்த பின்பே அதன்மேல் மை ஏறும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

தம் பயத்துக்கு மருந்தாக அவர் கண்ட வழி, மற்றவர்களுக்கு வேறு விதத்தில் வசதியாகிப் போயிற்று. இன்று பிடித்தவனை நாளை பிடித்ததாக எழுதலாம். பிடித்தவனைப் பிடிக்கவே இல்லை என்றும் ஆக்கலாம். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த பின் அவர் செய்ததெல்லாம், அழிப்பானை இழுப்பறையில் சற்று உள்ளே தள்ளி வைத்ததுதான்.

டிசம்பர் பத்து, மனித உரிமை நாள். ஆண்டுதோறும் சுற்றறிக்கை வரும்: உறுதிமொழி எடுக்க வேண்டும், பொதுமக்கள் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், புகைப்படம் அனுப்ப வேண்டும். இந்த ஆண்டு ஒரு நீதிபதி அம்மாவே சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு நிலைய அதிகாரி எழுத்தர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த லிஃப்ட் மெக்கானிக் பேரு இன்னும் பென்சில்லதானே இருக்கு?"

"ஆமாங்க ஐயா."

"அழிச்சிடு. நேத்து குடிச்சிட்டு ரோட்டுல கிடந்தானே ஒருத்தன், அந்த வரியில அவனை எழுதிடு. அந்த அம்மா பதிவேட்டைக் கேட்டாலும் கேப்பாங்க."

"ஐயா, அந்த ஆளு..."

"எந்த ஆளு?" என்றார் அதிகாரி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்த ஆள், ஓர் உயரமான கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். கீழே நான்கு காவலர்கள் ஒரு நடைபாதை வியாபாரியை அடிப்பதைச் சன்னல் வழியாகக் கைபேசியில் படம் பிடித்துவிட்டான். கைபேசியின் கடவுச்சொல்லைச் சொல்ல மறுத்து, மூன்றாம் நாளாகப் பின்பக்கத்துச் சாமான் அறையில் கிடந்தான். அவனுடைய அக்கா மூன்று நாளாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்ற ஒரே பதிலை ஆளுக்கு ஒரு தரம் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ரைட்டரும் ஒரு தரம் சொல்லியிருந்தார்.

அவர் அழிப்பானை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அந்தப் பெயர் உலகத்திலேயே வேறெந்தத் தாளிலும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அழித்துவிட்டால், அந்த அறைக்குள் அவனுக்கு எது நேர்ந்தாலும் யாருக்கும் எதுவும் நேரவில்லை என்றே ஆகும். அழிக்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் துணிவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறுதிமொழித் தாளை எடுத்துப் படித்துப் பழகினார். நிலையத்தில் தப்பில்லாமல் படிக்கக்கூடியவர் அவர் ஒருவரே.

பத்தேமுக்காலுக்கு ஜீப் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். மூன்று நாள் விடுப்பில் இருந்துவிட்டு அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தார்.

"பென்சில் அண்ணே, கடை கடையா ஏறி நாப்பத்தொன்பது தலை தேத்திட்டேன். ஒண்ணு குறையுது. சட்டையை மாத்திக்கிட்டு நீங்க பொதுமக்களா வர்றீங்களா?"

"நான் மேடையில நிக்கணும்பா."

"அப்ப சரி. வராந்தாவுல ஒரு அக்கா சும்மாதானே உக்காந்திருக்கு, அதையே கூட்டிட்டு வந்துடறேன்."

'வேண்டாம்' என்று சொல்ல வாய் திறந்தார். அதற்குள் ஓட்டுநர் போய்விட்டார்.

கூடத்தில் ஐம்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. நீதிபதி சுருக்கமாகப் பேசினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டுல இதே நாள்ல உலக நாடுகள் ஒரு அறிவிப்பை ஏத்துக்கிட்டாங்க. காரணமில்லாம யாரையும் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. சட்டத்துக்கு முன்னால மனுஷனா மதிக்கப்படுற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னும் இருக்கு." கைதட்டினார்கள். நிலைய அதிகாரி எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

ரைட்டர் உறுதிமொழியைத் தொடங்கினார். காவலர்கள் வலக்கையை நீட்டி அவர் பின்னே சொன்னார்கள். "கைது செய்யப்படும் எவருடைய பெயரையும் மறைக்க மாட்டேன். அவர் இருக்கும் இடத்தை அவருடைய உறவினருக்கு உடனே தெரிவிப்பேன்..."

கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள்.

"அப்ப என் தம்பி எங்க சார்?"

நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. ஜீப் ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை பேரு இப்ப சத்தியம் பண்றீங்களே. மூணு நாளா நாயா உக்காந்திருக்கேன். இல்ல இல்லன்னீங்களே, எங்க அவன்?"

நிலைய அதிகாரி நீதிபதியின் பக்கம் குனிந்தார். "பாவம்மா, கொஞ்சம் மனசு சரியில்லாதவங்க. நீங்க வேணும்னா பதிவேட்டையே பாருங்க. ரைட்டர், கொண்டு வாங்க." எப்போதும் 'வா' என்பவரின் அந்த 'வாங்க' ரைட்டரின் முதுகுத்தண்டில் ஊர்ந்தது.

கூடத்திலிருந்து எழுத்தர் அறைக்கு நாற்பது அடி. வழியில்தான் சாமான் அறை. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. அவர் நிற்காமல் நடந்தார். அறைக்குள் போய்ப் பதிவேட்டைத் திறந்தபோது எழுத்துகள் ஆடின. ஆடியது தம் தலைதான் என்று சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. பென்சில் கோடுகள் மெல்லியவை. இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். நாளை அந்த மூச்சு நின்றுபோனால், அப்படி ஒருவன் இருந்தான் என்று எழுதி வைத்த ஒரே ஆளாகத் தாம் மட்டுமே மிச்சம். அப்படித் தெரிந்துவைத்திருப்பவனை அவர்கள் எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? அதிகாரியிடம் கொண்ட பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாகிவிட்டது. பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். ஒவ்வோர் எழுத்தாக, பென்சில் கோட்டை விட்டு விலகாமல், மையேற்றினார்.

நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.

"ஏழாம் தேதின்னு போட்டிருக்கு. மை இன்னும் காயலையே?"

அதிகாரி முந்திக்கொண்டார். "அம்மா, அது ஏதோ தவறு..."

"நான் அவரைக் கேட்டேன்."

ரைட்டர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். ஆனால் நேரம் கேட்டால் நேரம் சொல்வது இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். "பேரை ஏழாம் தேதி சாயங்காலம் நாலு இருபதுக்குப் பென்சில்ல எழுதினேன்ம்மா. மை இப்ப ஏத்தினேன். பதினொண்ணு பதினெட்டுக்கு."

"ஆள் எங்க?"

"பின்பக்கம், சாமான் ரூம்ல."

ஓட்டுநரும் நீதிபதியின் உதவியாளரும் அவனைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. அக்கா அழவில்லை, "டேய், நடக்க முடியுதா?" என்று மட்டும் கேட்டாள். அவன் "பார்த்தா தெரியலயா?" என்றான். நீதிபதி இருவரையும் தம் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனார். மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போனார். கார் போய்விட்டது. விளக்கம் வருவதற்கு மூன்று நாள் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அதிகாரி எழுத்தர் அறையின் வாசலில் வந்து நின்றார். குரலில் கோபமே இல்லை.

"வீட்டுக்கு எந்த வழியா போவீங்க ரைட்டர்?"

"பாலத்து வழிதாங்க ஐயா."

"ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. பார்த்துப் போங்க."

அவர் பாலத்தின் பக்கம் போகவில்லை. எதிர்த்திசையில் நடந்து, பேருந்து நிறுத்தத்தின் நெரிசலுக்குள் புகுந்துகொண்டு மனைவியைக் கைபேசியில் அழைத்தார்.

"நான் இப்ப பெரிய பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். மணி அஞ்சு பன்னெண்டு. காக்கியை மாத்திட்டேன், நீல சட்டை. உடம்புல காயம் ஒண்ணும் இல்ல. இதை அப்படியே எழுதி வச்சுக்கோ."

"என்னங்க இது, போதை ஆளு மாதிரி பேசறீங்க?"

அவர் காலையிலிருந்து நடந்ததைச் சொன்னார்.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் அவள். "நானும் என் அண்ணனும் வர்றோம். யாரு கூப்பிட்டாலும் எந்த வண்டியிலயும் ஏறாதீங்க. ஆளுங்க நடுவுலயே நில்லுங்க."

"சரி. எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி. போனை வைக்காதீங்க, கையிலயே வச்சிருங்க."

மூன்று பேருந்துகள் வந்து கூட்டத்தில் பாதியை ஏற்றிக்கொண்டு போயின. எஞ்சியவர்களை ஒட்டி அவர் நகர்ந்து நின்றார். ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. "கேக்குதாங்க?" என்றாள் மனைவி. "கேக்குது" என்றார். அடுத்த பேருந்து வந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் அதில் ஏறத் தொடங்கினார்கள்.